மழைமானியின் ஒரு கவிழ்ப்பும் தவறாமல் எண்ண: பின் இன்டரப்ட், கால்பேக் முழுமையான வழிகாட்டி

எங்கள் மொரிஷியஸில், கியூர்பிப்பில் குடை பிடித்து நடக்கும் நேரத்தில் ஃபிளிக்-என்-ஃபிளாக்கில் கொடியில் துணி காயும். அதனால் எங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு மழைமானி வேண்டும் என்றார்கள். ஐந்து செய்தோம். ஐந்துமே முதலில் பொய்க்கணக்கு சொல்லின. ஒன்று மழையே இல்லாமல் ஏறியது, ஒன்று இரட்டிப்பாக எண்ணியது, ஒன்று ஒரு வாரம் காய்ந்த பிறகு காது கேட்காதது போல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கடைசி ஒன்று நான் எழுதிக் கொடுத்த நிரல்.

இங்கே சொல்லும் வரிசை அந்தத் தடுமாற்றங்களுக்குப் பிறகு வந்தது. பலகை ராஸ்பெரி பை பிக்கோ (நிரல் ஏற்றி ஓட்டும் ஒரு சின்னச் சில்லுப் பலகை), மொழி மைக்ரோபைத்தான் (இத்தகைய சில்லுகளுக்கான சிறிய பைத்தான்). நிரலின் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. மழைமானிக்கு இன்டரப்ட் எதற்கு

மழைமானிக்குள் சீசா போல ஆடும் ஒரு சின்ன வாளி இருக்கிறது. ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழ்ந்து மறுபக்கத்தைப் புனலுக்குக் கீழே கொண்டுவரும். கவிழும்போது வாளியில் ஒட்டிய காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்துபோகும். அந்த ஒரு கணம் சுவிட்ச் மூடித் திறக்கும். நமக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான்.

மழை வேகமாக வருவதால் இன்டரப்ட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயி வெள்ளத்தில் மூழ்கியபோது இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மி.மீ. கொட்டியது. ஒரு கவிழ்ப்புக்கு 0.2794 மி.மீ. என்று அளவிட்ட வாளிக்கு அது கிட்டத்தட்ட 540 கவிழ்ப்பு. சராசரியாக 13 வினாடிக்கு ஒன்று. எந்தச் சில்லுக்கும் இது வேகமே இல்லை.

சுவிட்ச் மூடியிருக்கும் நேரம்தான் குறைவு. ஒரு நொடியில் சின்னப் பங்குதான். அந்த நேரத்தில் நிரல் வைஃபையில் தரவு அனுப்பிக்கொண்டிருந்தாலோ தூங்கிக்கொண்டிருந்தாலோ கவிழ்ப்பு போனது போனதுதான். இன்டரப்ட் இருந்தால் பின்னின் (சுவிட்ச் வயர் சேரும் பலகைக் காலின்) நிலை மாறியதை வன்பொருளே பிடித்து வைக்கும். சில்லு கையில் இருப்பதை நிறுத்திவிட்டு, நாம் முன்பே கொடுத்துவைத்த ஒரு ஃபங்ஷனை ஓட்டும், பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும். அந்த ஃபங்ஷன்தான் கால்பேக். அதை நாம் அழைப்பதில்லை, சில்லு அழைக்கிறது. கீழே வரும் பிழைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தை மறந்ததால் வருகிறவை.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

மைக்ரோபைத்தான் ஏற்றிய பிக்கோ, தான்னி (நிரல் எழுதிப் பலகையில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் கணினி, மழைமானி, பீப் ஒலிக்கும் மல்டிமீட்டர், ஒரு சின்னக் காந்தம். கூரைக்கு ஏற்றும் நாளுக்காக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

காந்தம் விளையாட்டுக்கு அல்ல. வாளியைக் கையால் ஆட்டிச் சோதித்தால் எத்தனை தடவை ஆட்டினோம் என்பதிலேயே சண்டை வரும். காந்தத்தை ரீட் சுவிட்சுக்கு மேல் ஒரு முறை கொண்டுபோனால் ஒரு முறை, சந்தேகமில்லை.

பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. வெளியிலிருந்து 5 வோல்ட் கொண்டுவந்து எந்தப் பின்னிலும் வைக்காதீர்கள். வீட்டு மின்சார மீட்டரின் துடிப்பை எண்ணலாமா என்று ஒரு தம்பி கேட்டான். 230 வோல்ட் பெட்டியைத் திறக்கும் வேலை இந்த வழிகாட்டியில் கிடையாது.

3. வயரை இணைப்பது

ரீட் சுவிட்சின் இரண்டு வயரில் ஒன்று பிக்கோவின் கிரவுண்டுக்கு, மற்றது ஜிபி15-க்கு. எது எதற்கு என்பது முக்கியமில்லை, சுவிட்சுக்குத் திசை கிடையாது.

முதல் தடுமாற்றமே இங்கேதான். ஜிபி15 என்பது பலகையின் 15ஆவது கால் அல்ல, 20ஆவது கால். 15ஆவது காலில் இருப்பது ஜிபி11. ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம். கிரவுண்டுக்கு 18ஆவது கால் பக்கத்திலேயே இருக்கிறது.

இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரைச் சுவிட்சின் இரு முனையிலும் வைத்துக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். பீப் வர வேண்டும். வராவிட்டால் சுவிட்ச் செத்தது, அல்லது வயர் உள்ளே அறுந்தது. நிரல் எழுதிய பிறகு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போகும், இப்போது அரை நிமிடம்தான்.

ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் இப்போது வேண்டாம். அவை இருந்தால் துள்ளல் (ஒரே மூடல் சில்லுக்குப் பல மூடலாகத் தெரிவது) மறைந்துவிடும். துள்ளலை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

4. முதலில் இன்டரப்ட் இல்லாமலே படிப்பது

அவசரப்பட்டு எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டாதீர்கள்.

பின்னை உள்ளீடாக, உள் புல்-அப்போடு திறக்க வேண்டும்: மழை = பின்(15, பின்.இன், பின்.புல்_அப்). அப்புறம் ஒரு லூப்பில் 0.2 வினாடிக்கு ஒரு முறை மழை.வேல்யூ() என்ன என்று பிரிண்ட் செய்யுங்கள்.

சுவிட்ச் திறந்திருந்தால் 1, மூடினால் 0. தலைகீழாக இருக்கிறதே என்று எல்லோரும் ஒரு முறை கேட்பார்கள். புல்-அப் பின்னை 3.3 வோல்ட்டை நோக்கி மெதுவாக இழுத்து வைக்கிறது, சுவிட்ச் மூடும்போது கிரவுண்டு அதைக் கீழே இழுக்கிறது. அதனால் நமக்கு வேண்டிய நிகழ்வு 1-லிருந்து 0-க்கு விழுவது. இதை நினைவில் வையுங்கள், 6ஆம் படியில் வேண்டும்.

வயரைத் தொட்டாலே 0, 1 என்று மாறி மாறி வருகிறதா? புல்-அப் போடவில்லை, பின் அந்தரத்தில் தொங்குகிறது. இந்த நிலையில் இன்டரப்ட் போட்டால்தான் மழையில்லாத நாளில் வெள்ளம் வரும்.

புல்-டவுன் போட்டு 3.3 வோல்ட்டோடு இணைக்கலாமே என்றால், பழைய பிக்கோவில் நடக்கும். பிக்கோ 2-இன் முதல் சில்லுப் பதிப்பில் உள் புல்-டவுனில் அறியப்பட்ட கோளாறு இருக்கிறது, பின் 0-க்கு இறங்காமல் நடு வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். புல்-அப்பே பழகுங்கள்.

5. கால்பேக்கை எழுதுவது, ஆனால் இன்னும் கோர்க்காமல்

நிரலில் இதே வரிசை: முதலில் மாறிகள், பிறகு ஃபங்ஷன், பிறகு பின், கடைசியில்தான் இன்டரப்ட்டைக் கோர்க்கும் வரி. காரணம் இருக்கிறது. கோர்த்த அந்த நொடியிலிருந்து கால்பேக் எப்போது வேண்டுமானாலும் ஓடலாம். அது தேடும் மாறி இன்னும் பிறக்கவில்லை என்றால் பிழை. அதுவும் பத்தில் ஒரு முறை மட்டும் வரும் பிழை.

முதல் வடிவம் இவ்வளவுதான்:

மொத்தம் = 0

டெஃப் கவிழ்ந்தது(பி):
— குளோபல் மொத்தம்
— மொத்தம் += 1

குளோபல் என்ற வரி போனால், ஃபங்ஷனுக்குள் இருக்கும் மொத்தம் வேறு, வெளியே இருப்பது வேறு என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். மதிப்பு வைக்கும் முன்பே பயன்படுத்துகிறாய் என்று திட்டும்.

அடைப்புக்குள் இருக்கும் பி என்பது எந்தப் பின் இன்டரப்ட் கொடுத்ததோ அந்தப் பின். நமக்கு அது தேவையில்லாவிட்டாலும் அந்த இடம் இருந்தாக வேண்டும், ஏனென்றால் சில்லு அதைக் கொடுத்தே அழைக்கும். நாளைக்கு இரண்டு பின்னுக்கு ஒரே கால்பேக் வைத்தால் எது அடித்தது என்று பார்க்க அது உதவும்.

கால்பேக்குக்குள் என்ன செய்யலாம்? எண்ணலாம், நேரம் குறிக்கலாம், நடந்தது என்று ஒரு மாறியில் குறி வைக்கலாம். பிரிண்ட், ஸ்லீப், கோப்பில் எழுதுவது, வைஃபை, மில்லிமீட்டராக மாற்றும் பெருக்கல், எதுவும் வேண்டாம். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் மாதிரி: டோக்கனைக் கொடு, அடுத்த ஆளைப் பார். செருப்பின் விலை விசாரிக்க நின்றால் வரிசை தெருவுக்குப் போய்விடும்.

6. கோர்ப்பது

மழை.ஐஆர்க்யூ(ஹேண்ட்லர்=கவிழ்ந்தது, டிரிகர்=பின்.ஐஆர்க்யூ_ஃபாலிங்)

ஒரு வரி. ஆனால் ஐந்தில் மூன்று பிள்ளைகள் இங்கே விழுந்தார்கள், அதுவும் ஒரே மாதிரி.

கவிழ்ந்தது என்ற பெயருக்குப் பின்னால் அடைப்பு போட்டுவிடுவார்கள்: ஹேண்ட்லர்=கவிழ்ந்தது(). அடைப்பு போட்டால் ஃபங்ஷனை இப்போதே ஓட்டு என்று பொருள். நமக்கு வேண்டியது ஃபங்ஷனின் பெயரை ஒப்படைப்பது. அப்படி ஓட்டினால் ஒரு மதிப்பு குறைகிறது என்று பிழை வரும். அந்தப் பிழை நல்ல பிழை, உண்மையைச் சொல்கிறது. ஆனால் பிள்ளைகள் அதைச் சரிசெய்ய ஃபங்ஷனிலிருந்து பி-யை நீக்கிவிடுவார்கள். பிழை மறைந்துவிடும். ஃபங்ஷன் அப்போதே ஒரு முறை ஓடும், மொத்தம் 1 ஆகும், ஹேண்ட்லருக்கு ஒன்றுமில்லை (நன்) என்ற மதிப்பு போகும். இன்டரப்ட் கோர்க்கப்படவே இல்லை, ஒரு சத்தமும் இல்லை. மொத்தம் எப்போதும் 1-லேயே நின்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

ஃபாலிங் என்பது 1-லிருந்து 0-க்கு விழும் விளிம்பு, அதாவது நிலை மாறும் கணம். ரைசிங்கையும் சேர்த்தால் மூடும்போது ஒன்று, திறக்கும்போது ஒன்று என்று இரட்டிப்பாகும்.

இப்போது மெயின் லூப்பில் வினாடிக்கு ஒரு முறை மொத்தத்தை பிரிண்ட் செய்து, காந்தத்தை மெதுவாகப் பத்து முறை கொண்டுபோங்கள். 10 வராது. 14 வரலாம், 23 வரலாம். பயப்பட வேண்டாம், அடுத்த படி அதற்குத்தான்.

தான்னியில் நிறுத்து பொத்தானைத் தட்டாமல் கன்ட்ரோல்-சி கொடுத்து லூப்பை மட்டும் நிறுத்தினால் இன்டரப்ட் நிற்காது. பின்னணியில் எண்ணிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்லர்=நன் என்று கொடுத்தால்தான் அவிழும், அல்லது பலகையை ரீசெட் செய்யுங்கள்.

7. துள்ளலை அடக்குவது

உலோகத் தகடு இரண்டு மோதினால் ஒட்டி நிற்பதில்லை. பந்து போல் சில முறை குதித்துத்தான் அடங்கும். நம் கண்ணுக்கு ஒரு மூடல், சில்லுக்கு ஐந்தாறு விளிம்பு. இதை வகுப்பில் துள்ளல் என்கிறோம்.

பெரும்பாலும் சொல்லும் மருந்து: முந்தைய எண்ணிக்கைக்குப் பின் இத்தனை மில்லிவினாடிக்குள் வருவதைப் புறக்கணி. சரி, எத்தனை? ரீட் சுவிட்சின் துள்ளல் ஒன்றிரண்டு மில்லிவினாடியில் அடங்கிவிடும். அதனால் 10 போதும் என்று தோன்றும். போதாது. சுவிட்ச் திறக்கும்போதும் துள்ளும். திறப்பின் துள்ளலிலும் 1-லிருந்து 0-க்கு விழும் விளிம்புகள் இருக்கின்றன. காந்தம் கடக்க 80 மில்லிவினாடி ஆனால், 80ஆவது மில்லிவினாடியில் இன்னொரு பொய் எண்ணிக்கை வரும். ஆகவே காத்திருக்கும் நேரம் மூடியிருக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மழைமானிக்கு 150 வைத்தோம். மணிக்கு 200 மி.மீ. பெய்தாலும் அடுத்த கவிழ்ப்பு 5 வினாடி கழித்துத்தான், இடம் தாராளமாக இருக்கிறது.

இனி நான் விழுந்த குழி. முதலில் இப்படி எழுதியிருந்தேன்: இப்போதைய டிக்ஸ்_எம்எஸ்-க்கும் (பலகையின் மில்லிவினாடிக் கணக்கு) கடைசிக்கும் உள்ள இடைவெளி 150-ஐ விடக் குறைவு என்றால் திரும்பிப் போ. மேசையில் அருமையாக ஓடியது. கியூர்பிப் மாடியிலும் ஓடியது, அங்கே மழைக்கு ஓய்வே இல்லை. ஃபிளிக்-என்-ஃபிளாக்கில் குளிர்காலம், ஒரு வாரத்துக்கு மேல் சொட்டுகூட இல்லை. எட்டாம் நாள் நல்ல மழை. கணக்கு பூச்சியம்.

காரணம் இது. பிக்கோவில் டிக்ஸ்_எம்எஸ் 2-இன் 30ஆம் படிவரை எண்ணிவிட்டுச் சுழியத்துக்குத் திரும்பும், அதாவது சுமார் 12.4 நாள். இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தரும் டிக்ஸ்_டிஃப் அந்தச் சுழற்சியைச் சமாளிக்கும், ஆனால் பாதித் தூரம் வரைதான். 6.2 நாளைத் தாண்டிய இடைவெளியை அது எதிர்மறை எண்ணாகக் காட்டும். எதிர்மறை எண் எதுவும் 150-ஐ விடக் குறைவுதானே! அதனால் ஒவ்வொரு கவிழ்ப்பும் துள்ளல் என்று தள்ளப்பட்டது. தள்ளியதால் கடைசி நேரமும் புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே அடுத்ததும் தள்ளப்பட்டது. அப்படியே 12.4ஆம் நாள் வரை செவிடாகவே இருந்திருக்கும்.

திருத்தம் ஒரு சின்னப் பூச்சியம்:

டெஃப் கவிழ்ந்தது(பி):
— குளோபல் மொத்தம், கடைசி
— இப்போது = டைம்.டிக்ஸ்_எம்எஸ்()
— இடைவெளி = டைம்.டிக்ஸ்_டிஃப்(இப்போது, கடைசி)
— இஃப் 0 <= இடைவெளி < 150:
— — ரிட்டர்ன்
— கடைசி = இப்போது
— மொத்தம் += 1

எதிர்மறை வந்தால் அது மிகப் பழையது என்று பொருள், எண்ணிக்கொள். கடைசி = 0 என்ற வரியையும் மேலே மொத்தத்துக்குப் பக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள். சாதாரணக் கழித்தல் குறி போடாதீர்கள், சுழியத்துக்குத் திரும்பும் நாளில் அது வேறு விதமாகக் குழப்பும்.

இதே 150-ஐக் காற்றுமானிக்கும் நகல் எடுத்தவள் ஒரு தங்கச்சி. வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. வேகம் என்று தாளில் போட்ட காற்றுமானி அது. 150 மில்லிவினாடிக்கு ஒன்றுதான் எண்ணலாம் என்றால் வினாடிக்கு அதிகபட்சம் ஆறு சொச்சம், அதாவது 16 கி.மீ. புயல் எச்சரிக்கை நான்காம் நிலைக்கு வரும்போது 120 கி.மீ. வீச்சு பதிவாகியிருக்கும். அது வினாடிக்கு 50 துடிப்பு, 20 மில்லிவினாடிக்கு ஒன்று. அவளுடைய கருவி அப்போதும் 16-ஐத் தாண்டாமல் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். காற்றுக்கு 5 மில்லிவினாடிக்கு மேல் வைக்காதீர்கள், மீதத் துள்ளலைக் கெபாசிட்டரிடம் விடுங்கள். நுணுக்கமாக இருக்கட்டும் என்று மைக்ரோவினாடியில் எண்ணும் டிக்ஸ்_யூஎஸ்-க்குப் போனால் அது 18 நிமிடத்துக்குள் சுழன்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது காந்தத்தைப் பத்து முறை கொண்டுபோனால் 10 வர வேண்டும். ஒரு முறை அல்ல, மூன்று தடவை செய்து மூன்றிலும் 10 வந்த பிறகுதான் அடுத்த படி.

8. மெயின் லூப் எண்ணிக்கையை எடுப்பது

எல்லோரும் இயல்பாக எழுதுவது: புதியது = மொத்தம், அடுத்த வரி மொத்தம் = 0. இந்த இரண்டு வரிக்கும் நடுவே ஒரு கவிழ்ப்பு வந்தால் அது எண்ணப்பட்டு உடனே அழிக்கப்படும். எப்போதோ ஒரு முறை நடக்கும், அதனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இன்டரப்ட்டை அணைத்து, எடுத்து, மறுபடி போடலாம். எனக்கு அதைவிட எளிய வழி பிடிக்கும்: மொத்தத்தைப் பூச்சியமாக்கவே வேண்டாம். கால்பேக் மட்டும் அதில் எழுதட்டும், மெயின் லூப் படிக்க மட்டும் செய்யட்டும்.

இப்போதுவரை = மொத்தம்
புதியது = இப்போதுவரை - பார்த்தது
பார்த்தது = இப்போதுவரை

பார்த்தது என்பது போன முறை எடுத்த மொத்தம், லூப்புக்கு முன் அது 0. மொத்தத்தை ஒரே ஒரு முறை படித்து வேறு பெயரில் வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். இரண்டாவது வரியில் ஒரு தடவை, மூன்றாவது வரியில் ஒரு தடவை என்று மொத்தத்தையே படித்தால் அதே ஓட்டை திரும்ப வரும்.

புதியதை 0.2794-ஆல் பெருக்குவது, திரையில் காட்டுவது, அனுப்புவது எல்லாம் இங்கே. வேண்டிய அளவு நேரம் எடுக்கலாம். மின்சாரம் போனால் மொத்தம் போய்விடும் என்று பயந்தால் மணிக்கு ஒரு முறை கோப்பில் எழுதுங்கள். எழுதும் கணத்தில் இன்டரப்ட் சிறிது தாமதமாகும், ஆனால் விளிம்பை வன்பொருள் பிடித்து வைத்திருக்கும். கவிழ்ப்புக்குக் கவிழ்ப்பு எழுதாதீர்கள், ஃபிளாஷ் நினைவகம் தேயும்.

9. சாஃப்ட்டிலிருந்து ஹார்டுக்கு மாறுவது

இதுவரை ஓடியது சாஃப்ட் இன்டரப்ட். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிக்கோவின் மைக்ரோபைத்தான் அதைத்தான் தரும். அதில் விளிம்பு வந்ததும் கால்பேக் உடனே ஓடாது, ஒரு சின்ன வரிசையில் நிற்கும், மைக்ரோபைத்தானுக்குக் கை ஓய்ந்ததும் ஓடும். அந்த வரிசையில் 8 இடம்தான். துள்ளல் அதை நிரப்பிவிட்டால் அடுத்து வருவது சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இன்னொரு கோளாறும் உண்டு. நேரம் குறிப்பது கால்பேக் ஓடும்போதுதான், விளிம்பு வந்தபோது அல்ல. மெயின் வேலை ஏதாவது நீண்ட நேரம் பிடித்துக்கொண்டால், 5 வினாடி இடைவெளியில் வந்த இரண்டு உண்மைக் கவிழ்ப்பு அடுத்தடுத்து ஓடும். இரண்டாவதைத் துள்ளல் என்று நாமே தள்ளிவிடுவோம்.

கோர்க்கும் வரியில் ஹார்ட்=ட்ரூ சேர்த்தால் கால்பேக் உடனே ஓடும். அதற்கு ஒரு விலை: உள்ளே புதிதாக நினைவகம் எடுக்கக் கூடாது. தசம எண், பட்டியல் உருவாக்குவது, எழுத்துகளை ஒட்டுவது எல்லாம் நினைவகம் கேட்கும். ஒரு பெருக்கலை உள்ளே வைத்தால் 0.2794 தசம எண், உடனே நினைவகப் பிழை. மேலே எழுதிய கால்பேக்கில் சின்ன முழு எண்கள் மட்டுமே இருப்பதால் அப்படியே ஓடும். முதல் நாளிலிருந்தே கால்பேக்கை மெலிதாக வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கிளாஸ் எழுதுபவர்களுக்கு: கால்பேக்குக்குள் செல்ஃப்.ஏதோ என்று ஒரு மெத்தடைக் கையில் எடுத்து வேறு எதற்காவது கொடுப்பதும் நினைவகம் கேட்கும். உருவாக்கும்போதே ஒரு பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலின் தலையில் மைக்ரோபைத்தான்.அலாக்_எமர்ஜென்சி_எக்செப்ஷன்_பஃப்(100) என்று ஒரு வரி போடுங்கள். ஹார்ட் கால்பேக்கில் பிழை வந்தால் அந்தப் பிழைச் செய்தியை வைக்கவும் நினைவகம் வேண்டும். இந்த வரி முன்கூட்டியே 100 பைட் ஒதுக்கிவைக்கும். இல்லாவிட்டால் எங்கே தவறு என்ற விவரம் கிடைக்காது.

10. வேறு பலகை வைத்திருந்தால்

ஈஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையிலான பின்களுக்கு உள் புல்-அப் கிடையாது, வெளியே ரெசிஸ்டர் போட்டே ஆக வேண்டும். ஆர்டுயினோ யூனோவில் அட்டாச்-இன்டரப்ட் (அங்கே இன்டரப்ட்டைக் கோர்க்கும் ஃபங்ஷன்) 2, 3 என்ற இரண்டு பின்னில்தான் வேலை செய்யும்.

ஆர்டுயினோ மொழியில் மொத்தத்துக்கு முன்னால் வாலடைல் போடுங்கள், இல்லாவிட்டால் இந்த மாறி லூப்பில் மாறுவதில்லையே என்று கம்பைலர் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளலாம். யூனோ (ஆர்3 வரை) 8 பிட் சில்லு. இரண்டு பைட் எண்ணைப் படிக்க அதற்கு இரண்டு முறை கை நீட்ட வேண்டும், நடுவே இன்டரப்ட் வந்தால் பாதி பழையது பாதி புதியது கிடைக்கும். அங்கே படிக்கும் ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை அணைத்துப் போடுவது அவசியம். ஈஎஸ்பி32-இல் கால்பேக்கின் முன்னால் ஐராம்_அட்டர் எழுதுங்கள்.

11. மாடிக்கு ஏற்றுவது

மேசையில் வயர் ஒரு சாண். மாடிக்குப் பத்து மீட்டர். அவ்வளவு நீள வயர் ஒரு ஏரியல்தான். பிக்கோவின் உள் புல்-அப் 50 முதல் 80 கிலோ ஓம், இவ்வளவு தூரத்துக்கு அது பலவீனம்.

"அண்ணே, மழையே இல்லை, காலையில குளிக்கிற நேரத்துக்கு மட்டும் ஏறுது" என்று ஒரு தம்பி செய்தி அனுப்பினான். அவன் வீட்டு வயர் தண்ணீர்த் தொட்டியின் சர்ப்ரெஸர் (குழாயில் அழுத்தம் கூட்டும்) மோட்டாரை ஒட்டிப் போயிருந்தது. யாராவது குழாயைத் திறந்தால் மோட்டார் கிளம்பும், மோட்டார் கிளம்பினால் ஒரு கவிழ்ப்பு.

எடுத்து வைத்த பாகங்களை இப்போது போடுங்கள். 10 கிலோ ஓம் ஜிபி15-லிருந்து 3.3 வோல்ட்டுக்கு, அது 36ஆவது கால். 100 நானோஃபாரட் ஜிபி15-லிருந்து கிரவுண்டுக்கு, பலகைக்கு ஒட்டியே. மாடியிலிருந்து வரும் வயர் 1 கிலோ ஓம் வழியாக ஜிபி15-க்குள் வரட்டும். கெபாசிட்டர் குட்டி ஊசி அலைகளை விழுங்கும். 1 கிலோ ஓம் இல்லாவிட்டால் சுவிட்ச் மூடும்போதெல்லாம் கெபாசிட்டர் அதன் வழியே சட்டென்று கொட்டும், நாளடைவில் ரீட் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

வயருக்கு நெட்வொர்க் கேபிளின் ஒரு முறுக்கு ஜோடியை எடுங்கள், சிக்னலும் கிரவுண்டும் ஒரே ஜோடியில். வெவ்வேறு ஜோடியில் ஒவ்வொன்று எடுத்தால் முறுக்கியதன் பயனே இல்லை. மோட்டாரை விட்டு விலக்கி இழுங்கள். கம்பத்தின் உச்சியில் மழைமானியைக் கட்ட வேண்டாம், இடியும் புயலும் வரும் ஊர் இது.

12. தண்ணீர் ஊற்றிச் சரிபார்ப்பது

புனல் வாயின் பரப்பை அளங்கள். எங்களுடையது 11 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 55 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை என்பது 5.5 மி.லி. தண்ணீர். 100 மி.லி. ஊற்றினால் 18.2 மி.மீ., 0.2794-ஆல் வகுத்தால் 65 கவிழ்ப்பு.

தண்ணீரைக் கவிழ்க்காதீர்கள், சொட்டு சொட்டாக விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசித் துளை போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் இறங்கும். வேகமாக ஊற்றினால் வாளி கவிழும் இடைவேளையிலேயே தண்ணீர் வீணாகி எண்ணிக்கை குறையும். அது நிரலின் தவறு அல்ல.

64, 65, 66 வந்தால் நல்லது. 60 என்று நிலையாக வந்தால் வாளிக்கு அடியில் இருக்கும் திருகைச் சரிசெய்யலாம், அல்லது 0.2794-க்குப் பதிலாக 18.2-ஐ 60-ஆல் வகுத்து வரும் 0.303-ஐ மெயின் லூப்பில் வையுங்கள். ஆனால் ஒரு முறை 65, மறுமுறை 71 என்று தாவினால் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள். அது துள்ளல் அல்லது வயர். 7ஆம் படிக்கும் 11ஆம் படிக்கும் திரும்பிப் போங்கள்.

சரியாக வந்ததும் பாட்டிலை எடுத்துவிட்டு அன்றிரவு முழுக்க மழையில்லாமல் ஓட விடுங்கள். காலையில் மொத்தம் ஒன்றுகூட ஏறியிருக்கக் கூடாது, சர்ப்ரெஸர் எத்தனை முறை கிளம்பியிருந்தாலும்.